அரை மாத்திரை என்னும் ஆபத்து

(குத்தாலத்தில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காவிரிக்கரையில் கால்நடை மருத்துவர் ஒருவர் பேச வந்தால் மாட்டைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். மடிவீக்கம், கோமாரி, சினைப்பிடிப்பு இவற்றைப் பற்றி எத்தனையோ முகாம்களில் பேசியாயிற்று. இன்றைக்கு நாய்க்கு வலி மருந்து கொடுப்பதைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். அதில் இவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கி வரும் நாய்களில், வந்த நோயால் சாகவேண்டிய அவசியமே இல்லாமல், வீட்டார் பாசத்தோடு கொடுத்த மாத்திரையால் சாகிற நாய்கள் உண்டு. அதனால்தான் பேச வந்தேன்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். களத்தில் காவல் கிடக்கும் நாட்டு நாய். இருசக்கர வண்டி இடித்துப் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியது. எலும்பு முறியவில்லை. வீட்டுப் பெரியவருக்கு மூட்டுவலி உண்டு. அலமாரியில் எப்போதும் மாத்திரை இருக்கும். காலையில் அரை, இரவில் அரை என்று தயிர்சோற்றில் பிசைந்து வைத்தார். மறுநாளே நாய் நான்கு காலையும் ஊன்றி நடந்தது. வீடே சந்தோஷப்பட்டது. கேட்கிற மருந்தை நிறுத்துவானேன் என்று தொடர்ந்து கொடுத்தார்கள். பிறகு ஒருநாள் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. வாந்தி எடுத்தது. வாந்தியில் காப்பித்தூள் நிறத்தில் துணுக்குகள். அது வயிற்றில் கசிந்து அமிலம் பட்டுக் கறுத்த இரத்தம். மலம் தார் மாதிரி கறுத்துப் பிசுபிசுத்தது. மேசையில் கிடத்தி உதட்டை விலக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்துப் போயிருந்தது. அட்டையை வாங்கிப் பார்த்தேன். டைக்ளோஃபெனாக், 50 மில்லிகிராம். குளுக்கோஸ் ஏற்றினோம், வயிற்றுப் புண்ணுக்கு ஊசி போட்டோம். பிழைக்கவில்லை.

“மனுஷனுக்கு ஒரு மாத்திரை. இது சின்ன உடம்பு. அரைதானேங்கய்யா குடுத்தேன்?” என்று அந்தப் பெரியவர் கேட்டார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளில் குழந்தைகளுக்கு அப்படித்தான் கால், அரை என்று கொடுத்துப் பழகியிருக்கிறோம். அவர் கேட்ட கேள்விக்கு முழுப் பதில் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

அடிபட்ட இடத்தில் உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உண்டாக்குகிறது. வீக்கம், சூடு, வலி மூன்றையும் அது கூட்டிவிடுகிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் இந்தப் பொருள் உண்டாவதைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன என்று இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வேன் 1971-இல் கண்டுபிடித்துச் சொன்னார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், இதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமலும் காக்கிறது. உடம்பில் நீர்ச்சத்து குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருங்கவிடாமல் திறந்து வைப்பதும் அதுதான். ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறைவைத்து மதகைத் திறந்து கடைமடையைக் காப்பாற்றுகிறோம் அல்லவா? அந்த நேரத்தில் யாராவது மதகை இறக்கிவிட்டால் முதலில் கருகுவது கடைமடைப் பயிர். வலி மாத்திரை அளவு மீறினால் சிறுநீரகத்தில் நடப்பது இதுதான். பங்குனி சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வாடிக் கிடக்கும் நாய்க்கும், வாந்தி பேதியோடு இருக்கும் நாய்க்கும் இந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது என்று நாங்கள் தலையால் அடித்துக்கொள்வது இதனால்தான்.

இது மனிதருக்கும் பொருந்துமே என்று கேட்பீர்கள். பொருந்தும். ஆனால் நாயின் உடம்பு இந்த மருந்துகளைக் கையாளும் விதம் வேறு. நாப்ராக்சன் என்ற வலி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனித உடம்பில் அதில் பாதி வெளியேற அரை நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். நாயின் உடம்பில் மூன்று நாள் வரை ஆகலாம். பித்தத்தோடு குடலுக்குப் போன மருந்தைக் குடல் திரும்பவும் உறிஞ்சி இரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது. அப்படியானால் காலையில் கொடுத்த மாத்திரை உள்ளே இருக்கும்போதே இரவு மாத்திரை போய்ச் சேர்கிறது, மறுநாள் மாத்திரையும் அதன்மேல் போய்ச் சேர்கிறது. எடையை வைத்து மாத்திரையை உடைத்தால் போதும் என்ற கணக்கு இங்கேயே விழுந்துவிடுகிறது.

இபுபுரூஃபெனைப் பாருங்கள். 400 மில்லிகிராம் மாத்திரை எல்லா மெடிக்கலிலும் கிடைக்கிறது. பாராசிட்டமாலோடு சேர்த்தும் விற்கிறார்கள். நம் ஊர் நடுத்தர நாய் 12 கிலோ இருக்கும். அதற்கு ஒரு மாத்திரை கொடுத்தால் கிலோவுக்கு 33 மில்லிகிராம். வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசிய அது போதும். அரை மாத்திரை கொடுத்தால் கிலோவுக்கு 16-க்கு மேல். தினமும் கிலோவுக்கு 8 மில்லிகிராம் தொடர்ந்து கொடுத்தாலே நாயின் இரைப்பையில் புண் விழுகிறது. ஆக, அரை மாத்திரையிலும் இரண்டு மடங்கு ஆபத்து இருக்கிறது.

ஒரு பிராணிக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷமாகும் என்பதற்கு இந்தியாவைவிடப் பெரிய சாட்சி உலகில் கிடையாது. நம் மாவட்டத்து வைத்தீசுவரன் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிருக்குவேளூர் அது. கழுகரசன் சடாயு வழிபட்ட தலம். சடாயு குண்டம் இன்றும் கோயிலுக்குள் இருக்கிறது. வைத்தியநாதனும் கழுகும் ஒரே கோயிலில் இருக்கிற நாட்டில்தான், வலி மருந்தால் கழுகினம் அழிவின் விளிம்புக்குப் போனது. 1990-களில் இந்தியா முழுவதும் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் மரத்திலிருந்து செத்து விழுந்தன. வெண்முதுகுப் பாறு பதினைந்து ஆண்டுகளில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற நிலைக்கு வந்துவிட்டது. என்ன நோய் என்று யாருக்கும் புரியவில்லை. பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004-இல் காரணத்தை வெளியிட்டார்கள். மாட்டுக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசிதான் காரணம். மாடு அதைத் தாங்கிக்கொண்டது. அந்த மாடு செத்து, அதன் இறைச்சியைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் நின்று போனது; இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து செத்தது.

2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் நிற்காததால், 2015-இல் ஒரு குப்பி 3 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஆணை வந்தது. அதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் தள்ளுபடி செய்தது. 2023-இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் கால்நடைகளுக்குத் தடையாயின. நம் மாநிலத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகளுக்காக இந்தச் சட்டங்களெல்லாம் இன்னும் போராடிக்கொண்டிருக்கின்றன. பாறுகள் போன பிறகு செத்த மாடுகளைத் தின்ன நாய்கள் பெருகின. வெறிநாய்க்கடியும் அதோடு சேர்ந்த கவலையாயிற்று.

டைக்ளோஃபெனாக்குக்குப் பதிலாக எதைக் கொடுக்கலாம் என்று தேடியபோது பாறுகளுக்குத் தீங்கு செய்யாதது என்று 2006-இல் உறுதியான மருந்து மெலாக்சிகம். நாயின் வலிக்கும் இன்று நாங்கள் அதிகம் எழுதித் தருவது அதைத்தான். நல்ல மருந்து. ஆனால் நல்ல மருந்தில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கவனமாகக் கேளுங்கள். நாய்க்கு முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அடுத்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒரே வேளை, கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 12 கிலோ நாய்க்கு அப்படியானால் 1.2 மில்லிகிராம். ஒரு மில்லியில் 1.5 மில்லிகிராம் உள்ள திரவ மருந்தில் அது 0.8 மில்லி, அதாவது ஊசி போடாத சிறிய சிரிஞ்சில் ஒரு மில்லிக்கும் குறைவு. மெடிக்கலில் மனிதருக்கு விற்கும் மெலாக்சிகம் மாத்திரை 7.5, அல்லது 15 மில்லிகிராம். ‘டாக்டர் எழுதியதும் இதே பேர்தானே’ என்று 15 மில்லிகிராம் மாத்திரையைக் கொடுத்தால் பன்னிரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது.

டெல்டாவில் இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. மாட்டுக் கொட்டகையின் இறவாணத்தில் செருகி வைத்திருக்கும் போலஸ். மாட்டுக்கு விழுங்கக் கொடுக்கும் அந்தப் பெரிய மாத்திரைகளில், ஒன்றிலேயே 100 மில்லிகிராம் மெலாக்சிகமும் கூடவே பாராசிட்டமாலும் உள்ள வகைகள் உண்டு. ‘ஓரத்தைக் கிள்ளிக் குடுத்தேன்’ என்று வந்து சொல்கிறார்கள். 12 கிலோ நாய்க்கு அதில் ஏறக்குறைய எண்பது பங்கில் ஒரு பங்குதான் வேண்டும்; அதை யாரால் நகத்தால் கிள்ள முடியும்? போலஸை நாயின் பக்கமே கொண்டு போகாதீர்கள். கீழே விழுந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

பாராசிட்டமால் பற்றிக் கேட்காமல் யாரும் போவதில்லை. டோலோ கொடுக்கலாமா? நாய்க்குச் சில வேளைகளில் மருத்துவரே பாராசிட்டமால் தருவதுண்டு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற அளவில். 650 மில்லிகிராம் மாத்திரை 12 கிலோ நாய்க்கு அந்த அளவைப்போல நான்கு ஐந்து மடங்கு. நான்கு கிலோ குட்டிக்கோ ஈரலைக் கெடுக்கும் அளவு. பூனைக்கு அரை மாத்திரையே உயிரைக் குடிக்கும். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பேறி, முகம் வீங்கிச் சாகும். வீட்டில் பூனையும் இருந்தால் நாயின் மருந்துக் கிண்ணத்தைப் பூனை எட்டாதபடி வையுங்கள். முழங்காலில் தடவிக்கொள்ளும் வலி ஜெல்லையும் நாய்க்குத் தடவாதீர்கள். நக்கித் தின்றுவிடும், பலவற்றில் டைக்ளோஃபெனாக் இருக்கிறது. சர்க்கரை இல்லாத சிரப் சிலவற்றில் இனிப்புக்குச் சேர்க்கும் சைலிட்டால் நாயின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும்.

கார்ப்ரோஃபென், ஃபைரோகாக்சிப் என்று நாய்க்கென்றே செய்த மாத்திரைகளும் உண்டு. பெரிய ஊர்களில் எளிதாகக் கிடைக்கின்றன. சிலவற்றை நாய் விரும்பித் தின்னும்படி இறைச்சி வாசனையோடு செய்கிறார்கள். வசதிதான், ஆனால் டப்பாவைக் கடித்துத் திறந்து அத்தனையையும் தின்றுவிடும் அபாயமும் அதில் உண்டு. அலமாரியின் மேல்தட்டில் பூட்டி வையுங்கள். டிராமடால் பற்றி ஒரு வார்த்தை: மனிதருக்கு நன்றாக வேலை செய்யும் அந்த மருந்தை நாயின் ஈரல் வலி குறைக்கும் வடிவத்துக்கு அதிகம் மாற்றுவதில்லை. 2018 முதல் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழும் வந்துவிட்டது. கேட்டு அலைய வேண்டாம்.

சரி, மருந்தே கொடுக்காமல் விட்டுவிடலாமா? அதுவும் பாவம்தான். ‘நாய்தானே, தானா சரியாயிடும்’ என்கிற பேச்சைக் கேட்கும்போது எனக்கு மனசு ஆறாது. நாய் வலியை மறைக்கும் பிராணி. ஊளையிடுவது கடைசியில்தான். அதற்கு முன்னால், தினமும் தாவி ஏறிய திண்ணையில் ஏறாமல் கீழேயே படுக்கும். ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும். வெயில் இல்லாதபோதும் மூச்சு இளைக்கும். எழுந்திருக்கும்போது முன்னங்காலால் உடம்பை இழுத்து எழும். மடியில் கிடந்த நாய், பிள்ளை தொட்டால் உறுமும். மார்கழிப் பனியில் ஈரத்தரையில் கிடக்கும் வயதான நாய்க்கு மூட்டு இறுகிக்கொள்ளும். விடிகாலையில் நொண்டி, வெயில் ஏறினால் சரியாவது போல இருக்கும். இவையெல்லாம் வலி. வலியோடு இருக்கும் நாய் தின்னாது, தூங்காது, புண்ணும் சீக்கிரம் ஆறாது. வலிக்கு மருந்து கொடுப்பது செல்லம் கொடுப்பதல்ல, சிகிச்சையில் அது ஒரு பகுதி.

ஆனால் மருந்துக்கு முன்னால் சில கேள்விகள் இருக்கின்றன. இந்த ஊரில் அவற்றைக் கேட்காமல் மருத்துவரே வலி மருந்து எழுதக் கூடாது. நாய் நொண்டுகிறது என்றால் அடிபட்டதால்தான் என்று இல்லை. உண்ணிக் காய்ச்சலில் மூட்டு வலித்து நொண்டும். அந்தக் காய்ச்சலில் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துவிடும். அந்த நிலையில் வலி மாத்திரை போனால் மூக்கிலும் குடலிலும் இரத்தம் கசிந்து நிற்காமல் போகும். காது மடலைத் திருப்பிப் பாருங்கள், விரலிடுக்கைப் பிரித்துப் பாருங்கள். உண்ணி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் பார்த்தால் பல சமயம் விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்தது வயல். குறுவை, சம்பா எதுவானாலும் கதிர் பிடிக்கிற சமயத்தில் எலிக்கு மருந்து வைக்கிறோம். புரோமடையலோன் வில்லையைத் தின்ற எலியையோ, வில்லையையே நேராகவோ நாய் தின்றுவிட்டால் உடனே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து உள்ளுக்குள் இரத்தம் கசியும். மூட்டுக்குள் கசிந்தால் நாய் நொண்டும், வீக்கம் தெரியும். பார்ப்பவருக்கு அடிபட்ட மாதிரியே இருக்கும். அதற்கு மாற்று மருந்து உண்டு, வைட்டமின் கே. அதைக் கொடுக்க வேண்டிய நேரத்தில் வலி மாத்திரை கொடுத்தால் கசிவு வெள்ளமாகிவிடும். ‘பக்கத்து வயலில் எலி மருந்து வைத்தார்களா’ என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வாருங்கள்.

எலியால் வரும் இன்னொன்று எலிக்காய்ச்சல். மழைக்காலத்தில் வாய்க்காலிலும் வயலிலும் தேங்கும் நீரில் எலியின் சிறுநீர் கலந்து நாய்க்கும் மனிதருக்கும் பரவுகிறது. சிறுநீரகமும் ஈரலும் ஏற்கெனவே பழுதான அந்த நாய் உடம்பு வலியால் முடங்கிக் கிடக்கும். கண்ணின் வெள்ளை மஞ்சளாகும். அதற்கு வலி மருந்து கொடுப்பது மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் முடிப்பதாகும். தடுப்பூசி இருக்கிறது, ஆண்டுதோறும் போடுங்கள். நாயைக் கையாளும்போது உங்கள் கையிலும் வெட்டுக்காயம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொறிக்கும் அரிப்புக்கும் ஏற்கெனவே பிரெட்னிசோலோன் வகை மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதுவும் வலி மருந்தும் ஒன்றாகச் சேர்ந்தால் குடலில் ஓட்டையே விழும். ஒரு வலி மருந்து கேட்கவில்லை என்று இன்னொன்றை மறுநாளே தொடங்குவதும் அதே ஆபத்துதான். இடையில் சில நாள் விட்டுத்தான் மாற்றுவோம். சினையாக இருக்கும் நாய், பால் கொடுக்கும் நாய், கண் திறந்து சில வாரமே ஆன குட்டி, இவற்றுக்கும் இந்த மருந்து வேண்டாம்.

இத்தனையும் கேட்டு மருத்துவர் மருந்து எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இனி உங்கள் வேலை. முதலில் எடை. ‘பார்த்தா பத்து கிலோ இருக்கும்’ என்பது எடை ஆகாது. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் உயரமாக நிற்கும், தூக்கினால் லேசாக இருக்கும். சோறும் பாலும் தின்று கொழுத்த வீட்டு நாய் குட்டையாக இருந்தாலும் கனக்கும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை எந்திரத்தில் ஏறி நில்லுங்கள், பிறகு தனியாக நில்லுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். தூக்க முடியாத நாயென்றால், ஊரில் நெல் கொள்முதல் நிலையம் இருக்கிறது. 40 கிலோ சிப்பம் நிறுக்கும் மேடையில் கூட்டமில்லாத நேரத்தில் கேட்டுக்கொண்டு ஏற்றிப் பாருங்கள். எடையை மருந்துச் சீட்டின் பின்னால் தேதியோடு எழுதி வையுங்கள்.

வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். சாப்பாட்டோடு, அல்லது சாப்பிட்ட கையோடு கொடுங்கள். அன்றைக்குச் சோறே தின்னவில்லை என்றால் மருந்தும் வேண்டாம். தின்னாமல் இருப்பதே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி. முழுச் சோற்றிலும் கலந்துவிட்டால் பாதியைத் தின்றுவிட்டு மீதியை விட்டுவிடும், எவ்வளவு மருந்து போயிற்று என்று தெரியாது. பசி நேரத்தில் மூன்று சின்ன உருண்டை பிடியுங்கள். இட்லியோ வேகவைத்த ஈரலோ தயிர்சோறோ எதுவானாலும் சரி. வெங்காயம் சேர்ந்த எதுவும் கூடாது, அது நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். முதல் உருண்டையில் மருந்து வேண்டாம், நம்பிக்கை வரட்டும். இரண்டாவதில் மாத்திரை. அதை விழுங்குவதற்குள் மூன்றாவதை மூக்கருகில் காட்டுங்கள். மூன்றாவது கைநழுவிவிடுமோ என்ற அவசரத்தில் இரண்டாவதைச் சுவைத்துப் பார்க்காமல் விழுங்கிவிடும். மாத்திரையைத் தொட்ட கையால் மற்ற உருண்டைகளைத் தொடாதீர்கள். கசப்பு வாசனையை அது கண்டுபிடித்துவிடும்.

அதற்கும் மசியாத நாய்க்கு நேராக வாயில் போட வேண்டும். கடிக்கிற நாய்க்கு இதைச் செய்யாதீர்கள். நாயின் பக்கவாட்டில் உட்காருங்கள், எதிரில் வேண்டாம். இடது கையால் மேல்தாடையை மேலிருந்து பிடியுங்கள்; கட்டைவிரல் ஒரு பக்கக் கோரைப்பல்லுக்குப் பின்னால், மற்ற விரல்கள் மறுபக்கம். மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்கினால் கீழ்த்தாடை தானாகத் தளரும். வலது கை நடுவிரலால் கீழ் முன்பற்களை அழுத்தி வாயைத் திறந்து, நாக்கின் மேட்டுக்கு அப்பால் நடுவில் மாத்திரையை வையுங்கள். முன்பக்கம் வைத்தால் துப்பிவிடும். உடனே வாயை மூடித் தலையை இயல்பான நிலைக்கு இறக்கி, தொண்டையைத் தடவிக்கொடுங்கள். மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். அதோடு விடாதீர்கள். வறட்டு மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கும். பின்னாலேயே ஐந்தாறு மில்லி தண்ணீரோ ஒரு கவளம் சோறோ உள்ளே போக வேண்டும்.

திரவ மருந்தை மாட்டுக்கு மூங்கில் குழாயில் புகட்டுகிற மாதிரி தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றவே கூடாது. மாட்டுக்கே அது கெடுதல். புரையேறி மருந்து நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்து செத்த மாடுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். நாயின் தலை நேராக இருக்கட்டும். கடைவாய் ஓரத்தில் உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே சிரிஞ்சின் நுனியை வைத்து, கொஞ்சம் விட்டு, விழுங்கவிட்டு, மறுபடி கொஞ்சம் விடுங்கள். இருமினால் நிறுத்துங்கள். பாட்டிலை ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்குங்கள். இல்லையென்றால் அடியில் தங்கிய மருந்து கடைசி நாட்களில் மொத்தமாகப் போய்ச் சேரும். ஸ்பூன் அளவை நம்பாதீர்கள். எஸ்.ஆர். என்று அச்சிட்ட மாத்திரைகளையும் குடலில் கரையும்படி மேற்பூச்சு போட்டவற்றையும் பொடிக்கக் கூடாது. நாள் முழுக்கக் கரைய வேண்டியது ஒரே நேரத்தில் கரைந்துவிடும், குடலில் கரைய வேண்டியது இரைப்பையிலேயே கரைந்துவிடும். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். வீட்டில் யார் கொடுப்பது என்று ஒருவரை முடிவு செய்யுங்கள். அப்பா கொடுத்தது தெரியாமல் பிள்ளை திரும்பக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது.

கொடுக்கும் நாட்களில் தண்ணீர்ச் சட்டி காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் மலத்தின் நிறத்தைப் பாருங்கள். வாந்தி, கறுத்த மலம், சாப்பாட்டை ஒதுக்குவது, வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் குடித்து அதிகம் மூத்திரம் போவது, ஈறு வெளுப்பது, மஞ்சளாவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வலி குறைந்து நாய் ஓட ஆரம்பித்ததும் கட்டி வையுங்கள். வலி தெரியவில்லை என்பதால் ஆறாத காலை ஊன்றித் துள்ளி மறுபடி கெடுத்துக்கொள்ளும்.

மூட்டு தேய்ந்த கிழட்டு நாய்க்கு மாதக்கணக்கில் மருந்து தேவைப்படும். அப்போது இரத்தத்தில் ஈரல், சிறுநீரகச் சோதனை தொடக்கத்திலும் இடையிடையேயும் செய்ய வேண்டும். போகப்போக எவ்வளவு குறைவான அளவில் தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்து இறக்குவோம். உடம்பு இளைத்தால் மருந்தே பாதியாகலாம். ஈரத்தரையில் சாக்கை விரித்துப் போடுவதும் மருந்தோடு சேர்ந்த வேலைதான். சிக்கலான நோயென்றால் ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரிக்குத்தான் ஓட வேண்டும் என்ற காலம் போய்விட்டது.

அளவு மீறிப் போய்விட்டால் என்ன செய்வது? உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைப்பார்கள். வேண்டவே வேண்டாம், உப்பே மூளையைப் பாதித்துக் கொன்றுவிடும். பாலும் முட்டையும் விஷத்தை முறிக்காது. தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் வந்தால் ஊசி போட்டு வாந்தி எடுக்கவைக்க முடியும், கரித்தூள் மருந்து கொடுத்து மிச்சத்தை உறிஞ்சவைக்க முடியும். கையில் மாத்திரை அட்டையைக் கொண்டு வாருங்கள். அதில் எத்தனை குறைகிறது, எத்தனை மணிக்குத் தின்றது என்று சொல்லுங்கள். ‘கொடுத்தோம் என்று சொன்னால் திட்டுவார்’ என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. எந்த மருத்துவர் திட்டினாலும் திட்டட்டும். சொல்லிவிடுங்கள், சிகிச்சையே அதை வைத்துத்தான்.

கடைசியாகத் தெருநாய். சாலையில் அடிபட்டுக் கிடக்கும் நாய்க்கு இரக்கப்பட்டு பிஸ்கட்டில் மாத்திரையை வைத்துப் போட்டுவிட்டுப் போகும் இளைஞர்களைப் பார்க்கிறேன். அவர்கள் மனசு நல்ல மனசு. ஆனால் அந்த பிஸ்கட்டை எந்த நாய் தின்றது? அடிபட்ட நாய்க்கு உள்ளே இரத்தம் கசிகிறதா? யாருக்கும் தெரியாது. அடிபட்டவுடன் அதிர்ச்சியில் இருக்கும் நாய்க்கு வாய்வழி வலி மருந்தே கூடாது. வலியில் கிடக்கும் நாய் தெரிந்தவரையும் கடிக்கும். முகத்தருகே குனியாமல், ஒரு கோணியை மேலே போட்டு, இரண்டு பேராகச் சேர்ந்து பலகையிலோ சாக்கிலோ நகர்த்தி நிழலில் கிடத்துங்கள். 1962 என்ற கட்டணமில்லா எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், அல்லது ஆட்டோவில் ஏற்றி மருந்தகத்துக்குக் கொண்டு வாருங்கள். அங்கே ஊசியில் போடும் வலி மருந்து இருக்கிறது. போட்ட கொஞ்ச நேரத்தில் நாய் நடுங்குவதை நிறுத்தும். பிறகு வீட்டில் கொடுக்கச் சொல்லி மருந்து தந்தால், அந்த நாயைத் தினம் ஒரே இடத்தில், கையெதிரில் தின்னவைக்க உங்களில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

இனி கேள்விகளைக் கேளுங்கள். வீட்டு நாயைப் பற்றிக் கேட்பவர்கள் அதன் வயதையும் எடையையும், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் மருந்தின் பேரையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.